இந்தியா 3-ஆம் இடமா, 39-ஆம் இடமா? நாட்டின் ஆராய்ச்சிக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு அறிவியல் பேசி வருகிறேன். எல்லை ஊர் என்பதால் வாசிப்பு மேசையில் தமிழ்ப் பத்திரிகையும் மலையாளப் பத்திரிகையும் அடுத்தடுத்துக் கிடக்கும். ஒரு நாள் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு செய்தித் துண்டுகளோடு வந்தாள். ஒன்றில் ஆராய்ச்சியில் இந்தியா உலகில் 3-ஆம் இடம் என்று இருந்தது. மற்றதில் 39-ஆம் இடம். "சார், இதுல எது பொய்?" என்று கேட்டாள். அன்று தொடங்கிய பேச்சு பல வாரம் ஓடியது. பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு செய்தியில் எது பொய்?

இரண்டுமே உண்மை. 3 என்பது ஓர் ஆண்டில் வெளியான ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட வரிசை. 39 என்பது 2024-ஆம் ஆண்டின் உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியா பெற்ற இடம். அந்தக் குறியீடு கட்டுரைகளோடு நிற்பதில்லை. கல்வி, காப்புரிமை, தொழில் முதலீடு, ஏற்றுமதி, அரசு நிர்வாகம் என்று பலவற்றைச் சேர்த்துப் போடும் கூட்டு மதிப்பெண் அது. 2015-இல் அதில் நாம் 81-ஆம் இடத்தில் இருந்தோம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே பிள்ளை ஓட்டத்தில் மூன்றாவதாகவும் மொத்தப் பரீட்சையில் முப்பத்தொன்பதாவதாகவும் வருவதில் முரண் ஒன்றும் இல்லை. தலைப்பில் எந்தப் போட்டி என்று சொல்லாமல் விட்டதுதான் குறை.

அந்த மூன்றாம் இடத்தை எண்ணியது யார்? மற்ற நாடுகள் எங்கே நிற்கின்றன?

அமெரிக்காவின் தேசிய அறிவியல் வாரியம் ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்து எண்ணுகிறது. 2022-இல் உலகம் முழுக்கச் சுமார் 33 லட்சம் கட்டுரைகள். சீனா கிட்டத்தட்ட 9 லட்சம், அதாவது 27 சதவீதம். அமெரிக்கா 4.57 லட்சம், 14 சதவீதம். இந்தியா 2.07 லட்சம், 6 சதவீதம். அடுத்து ஜெர்மனி 1.14 லட்சம், பிரிட்டன் 1.05 லட்சம், ஜப்பான் 1.03 லட்சம்.

ஜெர்மனியையும் பிரிட்டனையும் ஜப்பானையும் எண்ணிக்கையில் தாண்டியிருக்கிறோம். அது சின்ன விஷயம் இல்லை, பெருமைப்படலாம். ஆனால் ஒரு வகுத்தல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாம் 140 கோடிப் பேர். பத்து லட்சம் பேருக்குச் சுமார் 150 கட்டுரை வருகிறது. ஜெர்மனியில் எட்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள். அங்கே பத்து லட்சம் பேருக்கு 1,350 வரும். ஒன்பது மடங்கு. பெரிய குடும்பத்தில் மொத்தச் சோறு கூடுதலாகத்தான் வேகும். ஒரு தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கேள்வி.

ஒரு கட்டுரை எந்த நாட்டுடையது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் ஆய்வு யார் கணக்கில் வரும்?

ஆசிரியர் பெயருக்குக் கீழே அச்சாகும் நிறுவன முகவரிதான் கணக்கு. பிறந்த ஊரையோ பாஸ்போர்ட்டையோ பார்ப்பதில்லை. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் எழுதியவை பிரிட்டனின் கணக்கு. கேரளத்து விதுராவில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு ஜெர்மானியர் வந்து எழுதினால் அது நம் கணக்கு.

பல நாட்டார் சேர்ந்து எழுதினால் சிக்கல் கூடும். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வெளிவந்த ஒரு கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அதில் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் முழுசாக ஒன்று என்று போடலாம், பங்கு பிரித்துப் பின்னமாகவும் போடலாம். முழு எண்ணிக்கை முறையில் கூட்டு ஆய்வு அதிகம் செய்யும் சின்ன நாடுகள் பெரிதாகத் தெரியும். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கு பின்ன முறையில் போட்டது. இரண்டு முறையில் போட்ட இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து, "போன வருடத்தைவிட இறங்கிவிட்டோம்" என்று எழுதுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதை நம்ப வேண்டாம்.

எண்ணிக்கை போதாது என்றால் தரத்தை எப்படி அளப்பது?

இதுவரை உலகம் கண்டுபிடித்திருக்கும் வழி, மேற்கோளை எண்ணுவது. உங்கள் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் காட்டி மேலே கட்டினார்கள் என்று பார்ப்பது. 1964-இல் யூஜின் கார்ஃபீல்ட் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டதிலிருந்து இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

இதிலும் கவனம் வேண்டும். மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்கு வரும் மேற்கோள் கணிதத்தில் வராது. ஆகவே துறைக்குத் துறை சமன்செய்து, ஒவ்வொரு துறையிலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 1 சதவீதக் கட்டுரைகளில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஜப்பான் அரசின் ஆய்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கணக்கில்தான் முதன்முறையாக இந்த உச்சி வரிசையிலும் சீனா அமெரிக்காவை முந்தியது: சீனா 27.2 சதவீதம், அமெரிக்கா 24.9 சதவீதம். சீனா எண்ணிக்கையை மட்டும் பெருக்குகிறது என்று அதுவரை சொல்லி வந்த வாய்கள் அன்றைக்கு அடைத்தன. தேர்ந்தெடுத்த உயர்தர இதழ்களை மட்டும் எண்ணும் நேச்சர் இண்டெக்ஸ் வரிசையில் இந்தியா முதல் பத்துக்குள் வருகிறது, ஆனால் மூன்றாவதாக இல்லை. எண்ணிக்கையில் பிடித்த மூன்றாம் இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவில்தான் நம் இடைவெளி இருக்கிறது.

மேற்கோளுக்கும் எட்டாத தரம் ஒன்று உண்டு. அதற்கு நான் எப்போதும் ஜி. என். ராமச்சந்திரனைச் சொல்வேன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வேலை செய்தவர். எல்லைக்கு இரு பக்கமும் சொந்தம் கொண்டாடலாம். 1963-இல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் (மேலே சொன்ன வெங்கி அல்ல) சசிசேகரனும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்று ஒரே படத்தில் வரைந்தார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று அதற்குப் பெயர். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதுகூட இல்லை. அளவுகோல் பொதுச்சொத்தாகிவிட்டது. பட்டியலில் இது ஒரே ஒரு கட்டுரை. நேற்று யாரும் படிக்காமல் போன இன்னொன்றும் அதே ஒன்றுதான்.

நாம் எவ்வளவு செலவு செய்கிறோம்?

நாட்டின் மொத்த வருமானம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆராய்ச்சிக்குப் போவது 64 காசு. இது 2020-21 கணக்கு. சீனாவில் அது இரண்டரை ரூபாயை ஒட்டி, அமெரிக்காவில் மூன்றரை, தென்கொரியாவில் ஐந்து. நம் தொகை கூடாமல் இல்லை. 2010-11-இல் 60,197 கோடியாக இருந்தது பத்து ஆண்டில் 1,27,381 கோடி ஆனது. வருமானமும் வளர்ந்ததால் பங்கு மட்டும் மேலே ஏறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தென்கொரியாவிலும் சீனாவிலும் அந்தப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகள் செலவழிப்பது. இங்கே தனியார் பங்கு 36 சதவீதம். அரசு குறைவாகக் கொடுக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். லாபம் பார்க்கும் தொழில்கள் ஆய்வகம் கட்டாமல் இருப்பதைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை. நான் கோபப்படுகிறேன்.

ஆட்கணக்கு இன்னும் சுடும். 2017-இல் இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு 255 ஆராய்ச்சியாளர்கள். தென்கொரியாவில் 7,000-க்கு மேல். இவ்வளவு குறைந்த கையிருப்பில் மூன்றாம் இடம் வரை வந்திருப்பதை நினைத்தால், நம் ஆய்வகங்களில் இரவு பத்து மணிக்கும் எரியும் விளக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

அப்படியானால் பணம் கொட்டினால் போதுமா?

போதாது. ஜப்பானைப் பாருங்கள். வருமானத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவு செய்யும் நாடு. இருபது ஆண்டுக்கு முன் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 10 சதவீதக் கட்டுரைகளில் 4-ஆம் இடத்தில் இருந்தது, 2023-இல் வந்த அவர்களுடைய கணக்கின்படியே 13-க்கு இறங்கியது. இளைஞர்களுக்கு நிலையான வேலை இல்லாததையும் ஆய்வுக்கு நேரம் கிடைக்காததையும் அவர்களே காரணமாகச் சொல்கிறார்கள்.

"மூன்று நாளில் பேப்பர் போட்டுத் தருகிறோம், நாலாயிரம் ரூபாய்" என்று போனில் மெசேஜ் வருகிறது. இது சரியா?

கூடவே கூடாது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கத்திலேயே நடந்தது.

எங்கள் பகுதிப் பையன் ஒருவன், ரப்பர் பால் வெட்டும் தகப்பனின் மகன், ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தான். அங்கே ஆண்டுக்கு இத்தனை பேப்பர் என்று கணக்கு. நெருக்கடி தாங்காமல் அவன் இப்படி ஒரு ஜர்னலுக்குப் பணம் கட்டினான். கட்டுரையை யாரும் படித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை, மறுநாளே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று சான்றிதழ் வந்தது. படத்தில் அச்சுகளின் பெயர் மாறிக் கிடந்ததைக்கூட ஒருவரும் திருத்தவில்லை. ஆறு மாதத்தில் அந்த இணையதளமே காணாமல் போனது. உண்மையாகவே நல்ல அளவீடுகள் எடுத்திருந்தான். ஒருமுறை வெளியானதை வேறு இதழ் வாங்காது என்பதால் இரண்டு வருட உழைப்பு மண்ணோடு போயிற்று. அவன் நூலகத்துக்கு வந்து அந்தச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நடப்பது இதுதான். உலகம் முழுக்கவும் இதே நோய். 2023-இல் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பதிப்பகக் குழுமத்தின் இதழ்களில் வந்தவை. இந்தியாவில் சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் நீக்கியது. 2025 தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக நிறுவனங்களின் மதிப்பெண்ணைக் குறைக்கத் தொடங்கினார்கள். விதி மாறினாலும் கல்லூரிக்குள் பழைய வழக்கம் மாறப் பல வருடம் பிடிக்கும். அதுவரை பிள்ளைகள்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி: அந்த இதழில் வந்த ஐந்து கட்டுரைகளை எடுத்து உங்கள் துறை ஆசிரியரிடம் காட்டுங்கள். இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேரின் சொந்த நிறுவனப் பக்கத்துக்குப் போய், அந்த இதழின் பெயரை அவர்களே சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று நாள் என்று வாக்குக் கொடுக்கும் எவரும் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை.

இந்த வரிசையெல்லாம் சரி. எங்கள் தோட்டத்துக்கும் அடுக்களைக்கும் ஆராய்ச்சி என்ன கொடுத்தது?

ஒரு ரப்பர் தோட்டக்காரர் கேட்டது இது. அவர் தோட்டத்திலேயே பதில் நின்றுகொண்டிருந்தது. கோட்டயத்தில் இருக்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு வெளிநாட்டு ரகங்களைக் கலந்து உருவாக்கி, 1980-இல் வெளியிட்ட ரகம் ஆர்ஆர்ஐஐ 105. தோட்டத்தில் அதற்கு "நூற்றைந்து" என்றுதான் பெயர். கேரளத்திலும் நம் குலசேகரம், அருமனைப் பக்கத்திலும் சிரட்டையில் பால் நிறைய வந்ததே இந்த மரத்தால்தான். அதற்குக் குறையும் உண்டு. இளஞ்சிவப்பு நோய்க்கு எளிதில் பிடிகொடுக்கும், பட்டை வறட்சியும் வரும். அதனால் பிறகு 414, 430 என்ற ரகங்களை விட்டார்கள். மகரந்தச் சேர்க்கை செய்த நாளிலிருந்து விவசாயி கைக்கு வரும் வரை கால் நூற்றாண்டு ஆன வேலை. ஆண்டுக் கணக்கில் எண்ணும் எந்தப் பட்டியலிலும் அந்தக் கால் நூற்றாண்டு தெரியாது.

மரச்சீனியும் (மரவள்ளி) அப்படித்தான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து ஸ்ரீ விசாகம், ஸ்ரீ ஜெயா போன்ற ரகங்கள் வந்தன. மத்தியானம் மீன்குழம்போடு வைத்துத் தின்னும் கிழங்குக்குப் பின்னால் ஓர் ஆய்வகம் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம். நம் பக்கத்து நோயாளிகள் இதயத்துக்கு அங்கேதான் ஓடுகிறோம். வெளிநாட்டு இதய வால்வு வாங்க முடியாதவர்களுக்காக டாக்டர் எம். எஸ். வல்லியத்தான் குழு அங்கே ஒரு வால்வைச் செய்தது. முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. ஆட்டுக்குள் வைத்துப் பார்த்த ஒன்றில் நீலமணிக் கல்லாலான தட்டு உடைந்தே போனது. நான்காவதில் தட்டைத் தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளியில் இருந்து வரும் வால்வைவிடப் பல மடங்கு விலை குறைவு. மூன்று தோல்விக்கும் ஊதியம் கொடுத்துக் காத்திருந்த ஒரு நிறுவனம் இல்லாவிட்டால் நான்காவது வந்திருக்காது.

மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிகளின் அறிவு இந்தக் கணக்கில் வருமா?

வராது. அகத்தியமலைக் காட்டில் 1987-இல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து விழ, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதில் இருந்து பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் ஜீவனி என்ற மருந்தைச் செய்து, ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்து, அந்தத் தொகையில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே பேசியது. குறைகளும் இருந்தன, எல்லாக் குடிகளையும் கேட்டுச் செய்யவில்லை என்ற மனத்தாங்கல் காணிகளிடையே எழுந்தது. பேச்சிப்பாறைப் பக்கத்திலும் காணிகள் இருக்கிறார்கள். அந்தக் காயை முதலில் அறிந்தவர்களுக்குக் கட்டுரையின் தலைப்பில் முகவரி கிடையாது.

தும்பாவிலும் மகேந்திரகிரியிலும் நடக்கும் ராக்கெட் வேலை இந்தக் கணக்கில் வருமா?

1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் போனது. மகேந்திரகிரி மலையடியில் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினின் நுட்பத்தை ரஷ்யாவிடம் வாங்கும் ஒப்பந்தம் அமெரிக்க நெருக்கடியால் 1993-இல் கைவிட்டுப் போக, நாமே செய்து 2014 ஜனவரியில் வெற்றி கண்டோம். இந்த நுட்பத்தின் உள்விவரத்தை யாரும் கட்டுரையாக எழுதி வெளியிட மாட்டார்கள். ஆகவே அதுவும் எண்ணிக்கையில் இல்லை.

நோபல் ஏன் வரவில்லை?

இந்திய மண்ணில் செய்த அறிவியலுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. செகந்தராபாத்தில் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸுக்கு 1902-இல், சர் சி. வி. ராமனுக்கு 1930-இல். ராமன் தன் கண்டுபிடிப்பை 1928-இல் கல்கத்தாவில் அச்சான இந்திய இயற்பியல் இதழில் எழுதினார். உள்நாட்டு இதழில் எழுதினால் மதிப்பில்லை என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

பிள்ளையை ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா? சாப்பாட்டுக்கு வழி உண்டா?

தேசியத் தேர்வில் தேறி இளநிலை உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டுவாடகைப் படி தனி. பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், அதற்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேரச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இந்தக் கணக்குகளை நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளம் இலவசம். நாடு, நிறுவனம், ஆண்டு என்று பிரித்துத் தேடலாம். ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஆய்வுகள் இது போன்ற தளங்களில் மிகக் குறைவாகவே ஏறியிருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரைகளை முழுசாகப் படிக்க, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 2025 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி. உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியில் படித்தால், அங்கே நூலகரிடம் போய் இதற்கான உள்நுழைவைக் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் இப்படி ஒன்று இருப்பதே மாணவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் நூலகத்தில் கணினி ஒன்றுதான். சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து வரை தேடலுக்கென்று வைத்திருக்கிறோம். அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் இப்போது கோட்டயத்து முகவரியில் வந்த ரப்பர் கட்டுரைகளை ஆண்டுவாரியாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். வருபவர்கள் தேட நினைக்கும் பயிரின், நோயின் அல்லது பொருளின் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தால் வரிசை சீக்கிரம் நகரும்.